பன்னிரண்டு பங்குக்காரி

அக்காவை நான் இரண்டாம் முறை கண்டபோது அவர் ஒரு கதிரையோடு பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கதிரைக்கும் ரிக்கற் எடுக்க வேண்டும் என்று கொண்டக்டர் சொல்லியிருக்கிறார் போலும். "நான் இதிலை இருந்து வந்திருந்தால் நீர் கேக்கலாம். நான் உங்கடை சீற்றிலைதானே இருந்தனான்" என்று சொல்லிவிட்டு, கதிரையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, நாரந்தனைச் சந்தியிலிருந்து எங்கள் கொம்பனிப் பெரியவர் வீட்டுக்கு நடந்தார். ஊர் முழுக்கப் பார்த்தது. அவர் விரும்பியதும் அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

காரணம், அதற்கு முந்திய வருடத்துப் பங்காளர் கூட்டம். அதுதான் அவருக்கு முதற் கூட்டம். பெரியவர் வீட்டு விறாந்தையில் இரண்டு கதிரைகள். ஒன்றில் பெரியவர், மற்றதில் அவருடைய தம்பி சின்னவர். எனக்கு இருக்க ஒரு மர வாங்கு. அக்கா வாசலில் வந்து நின்றார்.

"குசினிப் பக்கம் போய் இரும் பிள்ளை. தேத்தண்ணி போடுகினம்" என்றார் பெரியவர்.

அக்கா அசையவில்லை. ஒரு மணித்தியாலம் தூணோடு நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். முடிவில் என்னைப் பார்த்து, "தம்பி, ஆர் ஆர் வந்தது எண்டு எழுதினனீரோ?" என்றார்.

"ஓம் அக்கா."

"நான் நிண்டனான் எண்டு எழுதும்."

எழுதினேன். 'ஒரு பங்காளர் நின்றபடி கலந்துகொண்டார்.' அடுத்த நாள் பெரியவர் அந்த வரியை வாசித்துவிட்டு வெட்டச் சொன்னார். கையெழுத்து வைத்த பிறகு வெட்ட ஏலாது என்று சொன்னேன். உண்மையில் ஏலுமா ஏலாதா என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் அந்தக் கொம்பனியின் செயலாளர். பெயர்தான் பெரிது. கடிதம் எழுதுவது, லோஞ்ச் ரிக்கற் அச்சடிப்பிப்பது, வருடத்துக்கு ஒருமுறை கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்று கூட்டறிக்கைப் புத்தகத்தில் பதிவது, இவ்வளவும்தான் வேலை. புளியங்கூடலில் வீடு. மூன்று பிள்ளைகள். வேறு வேலை தேடுகிற வயது கடந்துகொண்டிருந்தது.

கொம்பனிக்கு இரண்டு லோஞ்சுகள், ஆளேற்றும் மோட்டார்ப் படகுகள். புங்குடுதீவுத் துறையிலிருந்து நயினாதீவுக்குச் சின்னது, நெடுந்தீவுக்குப் பெரியது. பெரியவரின் தகப்பன் தான் தொடங்கிய தொழிலைச் சாகுமுன் 'லிமிற்றெட்' ஆக்கி, நூறு பங்காகப் பிரித்தார். மூத்த மகனுக்கு நாற்பத்துநாலு, இரண்டாமவருக்கு நாற்பத்துநாலு, கடைசி மகனுக்குப் பன்னிரண்டு. கடைசி மகன் கூட்டங்களில் இருக்கிற ஆள் அல்ல. பெரிய லோஞ்சின் எஞ்சினுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு கிடக்கிற ஆள். அவர் காய்ச்சலில் போய்விட்டார். பன்னிரண்டு பங்கும் மடத்துவெளியில் இருந்த மனைவிக்கு வந்தது. அதோடு ஊர் வைத்த பட்டமும் வந்தது: பன்ரண்டக்கா.

அண்ணன்மார் இருவரும் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். தம்பி மனைவிக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் குறை என்ன என்பதைத் தாங்களே தீர்மானித்தார்கள். இயக்குநர் சம்பளம் என்று இருவரும் எடுத்துக்கொண்ட பிறகு, பங்காளருக்குக் கொடுக்க இலாபம் மிஞ்சுவதில்லை. அதற்குப் பதிலாக நயினாதீவுத் திருவிழாவுக்கு அக்காவுக்கு ஒரு சேலை போகும். மூன்றாம் வருடக் கூட்டத்துக்கு அக்கா அந்தச் சேலையையே உடுத்திக்கொண்டு வந்தார்.

"தம்பி, இந்த வருசத்து இலாபப் பங்கு ஒரு சேலை, மாம்பழ நிறம் எண்டு எழுதும்."

"அது பரிசு பிள்ளை, இலாபம் இல்லை" என்றார் பெரியவர்.

"அப்ப இலாபம் இல்லை எண்டு எழுதும். சேலை பரிசு எண்டும் எழுதும். நிறத்தை மறந்துபோகாதையும்."

எழுதினேன். அடுத்த வருடத்திலிருந்து சேலை வரவில்லை. அக்கா அதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. இலாபத்தைச் சேலையால் மூடுகிற வேலை ஒன்று நின்றுபோனதே அவருக்குப் போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அவரை வராமற் செய்ய அவர்கள் செய்த பாடுகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். ஒருமுறை அறிவித்தற் கடிதம் கூட்டத்துக்கு அடுத்த நாள் போய்ச் சேரும்படி தபாலில் போடச் சொன்னார்கள். அக்கா கடிதம் இல்லாமலே வந்தார். "திகதியை எப்பிடி அறிஞ்சனீர்?" என்று பெரியவர் கேட்டதற்கு, "நேற்றுச் சந்தையிலை உங்கடை வீட்டுக்காரர் ரெண்டு இறாத்தல் சீனி கூட வாங்கினவை" என்றார். இன்னொருமுறை வீட்டில் பேரப்பிள்ளை பிறந்த துடக்கு, ஆகவே வெளியாட்கள் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். படலையில் வந்து நின்று கேட்டார்: "துடக்கு வீட்டுக்குத்தானே? கொம்பனிக்கும் துடக்கு எண்டு எங்கை எழுதியிருக்கு?" கடைசியில் கூட்டத்தைப் படலையடியில் வேப்பமரத்துக்குக் கீழே வைத்தோம். ஆடுகள் வந்து அறிக்கையை மணந்தன.

அவர்களுடைய மிகப் பெரிய யோசனை, கூட்டத்தைப் பெரிய லோஞ்சில் வைப்பது. விடியற்காலை முதற் பயணத்தில். அந்த நேரத்துக்கு மடத்துவெளியிலிருந்து துறைக்கு ஒரு வாகனமும் கிடையாது. கடலைக் கலக்குகிற சோளகக் காற்று அடிக்கிற மாதம் வேறு. நாங்கள் போனபோது அக்கா துறையில் நின்றார். முதல்நாளே வந்து தெரிந்தவர் வீட்டில் தங்கியிருக்கிறார்.

லோஞ்ச் முதலாளிகள் இரண்டு பேரும் லோஞ்சில் ஏறுவது அபூர்வம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. நயினாதீவு தாண்டிக் கடல் எழும்பத் தொடங்கியதும் பெரியவரின் முகம் மாறியது. சின்னவர் ஏற்கெனவே ஒரு சாக்கின் மேல் சரிந்துவிட்டார். அக்கா ஒரு துண்டு இஞ்சியை வாயில் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

"இனிக் கூட்டத்துக்கு அறிவித்தல் பதினாலு நாளைக்கு முன்னம், பதிவுத் தபாலிலை வரவேணும். சம்மதமோ?"

பெரியவர் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டபடி கையை மட்டும் அசைத்தார்.

"அது ஓமோ, இல்லையோ பெரியத்தான்?"

"ஓம்."

"என்ன தீர்மானம் வரப்போகுது எண்டதும் அந்தக் கடிதத்திலை இருக்கவேணும்."

"ஓம், ஓம். ஆளை விடு பிள்ளை!"

"மூண்டு ஓமையும் எழுதும் தம்பி. ஆளை விடுறதைப் பற்றித் தீர்மானம் இல்லை."

நான் எழுதியது கோழி கிளறியது மாதிரி இருந்தது. இருந்தாலும் எழுத்து எழுத்துத்தான். நெடுந்தீவில் இறங்கியதும் அக்கா இருவருக்கும் மரத்தடியில் பாய் வாங்கிப் போட்டு, தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டினார்.

அந்த வருடம் முடியுமுன் ஒருநாள் கந்தோருக்கு வந்து என் மேசையில் ஒரு ரூபா வைத்தார். கொம்பனி விதிகளின் பிரதி ஒன்று வேண்டும். பங்காளர் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும் என்பது சட்டம். விதிகள் ஆங்கிலத்தில், தகப்பன் காலத்திலிருந்து அலுமாரியில் கிடந்தன. திறப்பு என்னிடம்தான் இருந்தது. நான் ரைப் அடிக்க அடிக்க, அவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு தாளாக வாசித்தார். ஊர்காவற்றுறைக் கன்னியாஸ்திரிகளிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தெரியாத சொல் வந்தால் கேட்பார்.

ஓரிடத்தில் அவருடைய விரல் நின்றது. என்னுடைய விரலும் அந்த வரியில் சற்று நின்றதுதான்.

"கோரம் எண்டால் என்ன தம்பி?"

"கூட்டம் நடக்க ஆகக் குறைஞ்சது எத்தினை பேர் நேரிலை இருக்கவேணும் எண்டது. அவ்வளவு பேர் இல்லாட்டி அது கூட்டம் இல்லை."

"இதிலை மூண்டு எண்டு கிடக்கு."

"உங்கடை மாமா எழுதுவிச்சது. மூண்டு பொடியளும் ஒண்டா இருந்துதான் எதையும் தீர்மானிக்க வேணும் எண்டு நினைச்சிருப்பார்."

"அப்ப நான் போகாட்டி?"

நான் அடுத்த தாளை ரைப் மெஷினில் செருகினேன். அவர் கணக்கைத் தானே போட்டு முடித்தார். இத்தனை வருடமும் அவரை வரவிடாமல் செய்யப் பாடுபட்டவர்கள், ஒருமுறை அதில் வென்றிருந்தால் தங்கள் கூட்டத்தைத் தாங்களே இழந்திருப்பார்கள்.

"பெரியத்தானுக்கு உது தெரியுமோ?"

"அலுமாரியைத் திறந்து வாசிச்சிருந்தால் தெரியும்."

அக்கா தாள்களை மடித்துக் கையில் எடுத்தார். "நாங்கள் கதைச்சதை எழுத வேண்டாம் தம்பி" என்றார். எழுதவேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகும் அவர் ஒரு கூட்டம் தவறாமல் வந்தார். ஏழெட்டு வருடம். அந்த வரியைத் தொடவே இல்லை. எனக்கே சிலவேளை அவர் மறந்துவிட்டார் என்று தோன்றியதுண்டு.

பிறகு ஒரு வருடம், பதினாலு நாளைக்கு முன், பதிவுத் தபாலில், முறைப்படி ஓர் அறிவித்தல் போயிற்று. நான்தான் ரைப் அடித்தேன். தீர்மானங்கள் இரண்டு. பெரிய லோஞ்சைப் பெரியவருடைய மருமகனுக்கு விற்பது. புதிதாக நூறு பங்கு உண்டாக்கி, அதை இரண்டு இயக்குநர்களும் எடுத்துக்கொள்வது. அக்கா கடிதத்தோடு கந்தோருக்கு வந்தார்.

"தம்பி, இதுக்குப் பிறகு என்ரை பன்ரண்டு என்ன ஆகும்?"

"பன்ரண்டுதான் அக்கா. ஆனால் நூறிலை இல்லை, இருநூறிலை."

"பாலை எடுக்கேல்லை, தண்ணியை விடினம்" என்றார்.

லோஞ்ச் விடயம்தான் அவரை அதிகம் தைத்தது. மருமகன் அதை மன்னார்ப் பக்கம் சாமான் ஏற்றக் கொண்டுபோகப்போவதாகக் கதை. சோளகக் காலத்தில் நெடுந்தீவுக் கடலில் நிற்கக்கூடியது அந்த ஒன்றுதான். "அவர் இருந்த நேரம் நெடுந்தீவிலை பிள்ளைப்பேறு எண்டு ஆள் வந்தால் என்ன காத்தெண்டாலும் லோஞ்சை இறக்குவார். நான் திட்டுவன். சிரிச்சுப்போட்டுப் போவார்" என்றார். புருஷனைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். சொல்லிவிட்டு யாழ்ப்பாணத்துக்குச் சட்டம் கேட்க ஒரு பிரக்கிராசியாரைப் பார்க்கப் போனார்.

திரும்பி வந்தபோது கோபமும் சிரிப்பும் கலந்திருந்தது. "எண்பத்தெட்டுப் பங்குக்காரர் ஒண்டு சொன்னால் பன்ரண்டு பங்குக்காரி கேக்கவேணுமாம். மெத்த அநியாயம் எண்டால் கோட்டிலை வழக்குப் போட்டுக் கொம்பனியைக் கலைப்பிக்கலாமாம். வேறை வழி சட்டத்திலை இல்லையாம். மாடு பால் தரேல்லை எண்டு போனன். வேணுமெண்டால் வெட்டித் தோலைப் பங்குபோடலாம், கறக்கச் சொல்ல ஏலாது எண்டு சொல்லுறார்."

"அப்ப என்ன செய்யப்போறியள்?"

"கூட்டத்தண்டைக்கு எனக்குக் கால் உளைவு" என்றார் அக்கா.

கூட்டத்தன்று அக்கா கொண்டுவந்த மூன்றாவது கதிரை வெறுமையாகக் கிடந்தது. பெரியவருக்கு நம்பமுடியவில்லை. இரண்டு தரம் படலைவரை போய்ப் பார்த்தார். பிறகு தீர்மானங்கள் ஐந்து நிமிடத்தில் நிறைவேறின. எனக்கும் ஒரு தட்டு வடை வந்தது. 'வந்தோர்: இருவர்' என்று எழுதினேன். வடை நன்றாக இருந்தது. இரண்டாவதை மட்டும் தட்டிலேயே விட்டுவிட்டேன்.

மூன்று கிழமைக்குள் கொழும்பிலிருந்து ஒரு கடிதம். லோஞ்ச் வாங்க மருமகனுக்குக் கடன் கொடுக்க இருந்த வங்கியின் வழக்கறிஞர் விதிகளை வாசித்திருக்கிறார். கோரம் இல்லாத கூட்டம் கூட்டமல்ல, தீர்மானம் செல்லாது. பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"உது உமக்கு முன்னமே தெரியுமோ?"

"ஓம் ஐயா."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

"உம்மை இண்டைக்கே நிப்பாட்டுறன்!"

"செயலாளரை வைக்கிறதும் நிப்பாட்டுறதும் பங்காளர் கூட்டத்திலை எண்டு விதியிலை இருக்கு ஐயா" என்றேன். கூட்டத்துக்கு அக்கா வரவேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அது இருமல் அல்ல என்று எனக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு அக்காவின் பசு கன்று போட்டது. அதற்கடுத்த கூட்டத்துக்கு அவருடைய வீட்டில் துடக்கு. "கொம்பனிக்குத் துடக்கில்லை எண்டு நீதானே சொன்னனீ!" என்று பெரியவர் கத்தினார். "கொம்பனிக்கு இல்லைத்தான். எனக்குத்தான் துடக்கு" என்று மடத்துவெளியிலிருந்து பதில் வந்தது. அன்று பின்னேரமே அவர் துறையில் நின்று மீன் வாங்குவதை ஊரே கண்டது. கூட்டம் இல்லாமல் வருட அறிக்கை நிறைவேறவில்லை. இயக்குநர் பதவிக்காலம் முடிந்து ஆட்டம் கண்டது. மருமகன் தினமும் வந்து வாசலில் நின்றார். கோட்டுக்குப் போவம் என்று பெரியவர் சொல்ல, அவருடைய பிரக்கிராசியார் தடுத்துவிட்டார். "கோடு கூட்டத்தை நடத்தச் சொல்லும். ஆனால் அதுக்கு முன்னம் அந்தப் பிள்ளை ஏன் வரேல்லை எண்டு கேக்கும். அது வாய் திறந்தால் உங்கடை கூட்டறிக்கைப் புத்தகம் முழுக்க வெளியிலை வரும்." மாம்பழ நிறச் சேலையை அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் கூட்டம் மடத்துவெளியில், அக்காவின் வீட்டில் நடந்தது. அண்ணன்மார் இருவருக்கும் நல்ல கதிரைகள். எனக்கும் ஒரு கதிரை. பணியாரம். அக்கா மூன்று விடயங்களைக் கேட்டார். லோஞ்சை வெளியாள் ஒருவர் விலைமதிக்க வேண்டும். புதுப் பங்கு வந்தால் மூவருக்கும் அளவுக்கேற்றபடி. அவரும் ஓர் இயக்குநர். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னார். அப்போது அக்கா, மிகவும் பெருந்தன்மையாக, நாலாவதாக ஒன்றைச் சொன்னார்:

"மூண்டு பேர் இல்லாட்டிக் கூட்டம் இல்லை எண்ட விதி எல்லாருக்கும் கரைச்சல். இனி இரண்டு பேர் காணும் எண்டு மாத்துவம்."

பெரியவர் அவருக்கு நன்றி சொன்னார். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். இனிமேல் பெரியவர் உட்பட யாரும் வராமல் இருந்து கூட்டத்தை முடக்க முடியாது. தான் ஏறிவந்த ஏணியை ஒருவர் இவ்வளவு மரியாதையாக உள்ளே இழுத்து வைப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இளைப்பாறிய எஞ்சினியர் ஒருவர் வந்து லோஞ்சைத் தட்டிப் பார்த்தார். மருமகன் கொடுக்க இருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலே விலை சொன்னார். மருமகன் வருவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் சின்னவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அவருக்கு அதுவரை யாரும் விலையைச் சரியாகச் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணை, அந்த லோஞ்சிலை என்ரை நாப்பத்துநாலும் கிடக்கு. அதையும் சேத்தோ மருமோனுக்குச் சும்மா குடுக்கப் பாத்தனீங்கள்?"

அன்றோடு அண்ணன் தம்பி ஒரே பக்கத்தில் இருப்பது முடிந்தது. நாற்பத்துநாலும் நாற்பத்துநாலும் எதிரெதிரே நிற்கும்போது பன்னிரண்டு எவ்வளவு பெரிய எண் என்பது அதன் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா சின்னவரோடு நின்றார். பெரிய லோஞ்ச் நெடுந்தீவுக்கு ஓடியது. இலாபம் பங்காளருக்குப் பங்கிடப்பட்டது. இவை எல்லாம் நல்லவை.

நல்லதல்லாததும் நடந்தது. பெரியவர் கூட்டங்களில் தனியாக இருக்கத் தொடங்கினார். லோஞ்சுக்கு எண்ணெய் அடித்த கணக்கு இருக்கும் எண்ணெய்ப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டார். அக்கா நிமிர்ந்தும் பார்க்காமல், "அடுத்த கூட்டத்திலை பாப்பம் பெரியத்தான்" என்றார். அடுத்ததிலும் அதுதான். ஒருநாள் அவருக்கு அறிவித்தல் பிந்திப் போயிற்று. அது என்னுடைய பிழையல்ல. நிறுத்திவைக்கச் சொன்னது யார் என்பதையும் நான் எழுதவில்லை. எனக்கு அக்காவில் அப்போது மனம் கசந்தது. சொல்லத் தைரியம் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் ஆங்கிலப் பேப்பரில் புதிய கொம்பனிச் சட்டத்தைப் பற்றிப் போட்டிருந்தது. துறையில் லோஞ்சுக்குக் காத்துக்கொண்டிருந்த அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அக்கா, இனிப் பெரும் பங்குக்காரர் சின்னப் பங்குக்காரரை நசுக்கினால் கோட்டுக்குப் போகலாமாம். கொம்பனியைக் கலைக்கத் தேவையில்லை. அநியாயத்தை நிப்பாட்டச் சொல்லிக் கோடு கட்டளை போடுமாம்."

அவர் பேப்பரை வாங்கி, சொல் சொல்லாக, உதடு அசைய வாசித்தார். முகம் மலர்ந்தது. "இருபது வருசம் பிந்தி வந்திருக்கு" என்றார். பிறகு மறுபடி வாசித்தார். மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது.

"தம்பி, நாப்பத்துநாலு பெரும் பங்கோ, சின்னப் பங்கோ?"

"தனிச்சு நிண்டால் சின்னப் பங்குதான் அக்கா."

"அப்ப இது பெரியத்தானுக்கும் பொருந்துமோ?"

"ஓம்."

அக்கா பேப்பரை நாலாக, எட்டாக மடித்தார். "அவர் ஆங்கிலப் பேப்பர் வாசிக்கிறேல்லை. நீர் ஒண்டும் சொல்லிப்போடாதையும்" என்றார். லோஞ்ச் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

நான் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அறிவித்தல் பதினேழு நாளைக்கு முன்னமே போயிற்று. பெரியவர் வந்து தன் வழக்கமான இடத்தில் இருந்து, நம்பிக்கை இல்லாத குரலில், "எனக்கு அந்த எண்ணெய்ப் புத்தகம்..." என்று தொடங்கினார்.

"எடுத்துக் குடும் தம்பி" என்றார் அக்கா. "போன வருசத்தையும் சேத்துக் குடும். ரிக்கற் புத்தகமும் வேணுமோ பெரியத்தான்?"

பெரியவர் திடுக்கிட்டார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாளிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு வரியையும் விரலால் தடவினார். ஒரு தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். தேநீர் இரண்டு தரம் ஆறியது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

"உதிலை என்ன கள்ளம் வைச்சிருக்கிறாய் பிள்ளை?" என்று கடைசியில் கேட்டார்.

"தேடிப் பாருங்கோ பெரியத்தான்" என்றார் அக்கா, அவருக்கு விளக்கைக் கிட்ட நகர்த்தி வைத்து.